நாற்பது ஆண்டு நீண்ட ஒரு மனந்திரும்புதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடைப் பேச்சில் இடையிடையே வந்த கிளைக்கதைகள் சில இங்கே நீக்கப்பட்டுள்ளன.)



கிறிஸ்தவ வாழ்வில் மனந்திரும்புதலும் ஆவிக்குரிய புதுப்பிப்பும் என்ற தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். இறையியல் பேராசிரியர் யாரையாவது அழைத்திருந்தால் இந்நேரம் கிரேக்கச் சொல்லில் தொடங்கியிருப்பார். நான் திருச்சபை வரலாறு படிக்கிறவன். எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. ஒருவர் “அன்று இரவே நான் மாறிவிட்டேன்” என்று சொன்னால், மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார் என்று கேட்போம். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சாட்சி சொல்லும் முறை தெரியும். குடித்தேன், சீட்டாடினேன், சினிமாப் பைத்தியமாக அலைந்தேன், வீட்டில் அடித்தேன். இந்த வருஷம் இந்தத் தேதியில் ஆண்டவர் என்னைத் தொட்டார். அன்றோடு எல்லாவற்றையும் விட்டேன். இந்தச் சாட்சிகளை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. குடியை விட்டவன் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிகிறது. அது சின்னக் காரியமா? ஆனால் அந்தப் பட்டியலில் எது வருவதில்லை என்றும் பாருங்கள். மாமனாரிடம் கேட்டு வாங்கிய நகையைத் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒரு சாட்சி கேட்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் வேலை போட்டுக் கொடுப்பதற்காக வாங்கிய தொகையைத் திருப்பினேன் என்று? நூற்றுக்கு ஐந்து வட்டி வாங்கியதை நிறுத்தினேன் என்று? நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊர் எதைப் பாவம் என்கிறதோ அதை விட்டுத் திரும்புவது ஒப்பீட்டில் எளிது. ஊர் எதைக் கௌரவம் என்கிறதோ அதை விட்டுத் திரும்பப் புதிய வாழ்வு முதலில் தொடங்கியிருக்க வேண்டும். அதன்பிறகும் வருஷங்கள் வேண்டும். வெளியிலிருந்து ஒரு குரலும் வேண்டும். மனந்திரும்புதலை நாம் புதிய வாழ்வுக்குள் நுழையும் வாசற்படியாக மட்டும் கணக்கு வைத்திருக்கிறோம். வரலாறு காட்டுவது வேறு. புதிய வாழ்வு முற்ற முற்றத்தான் மனந்திரும்புதலும் முற்றுகிறது.

1. புயலுக்குப் பிறகும் ஓடிய கப்பல்

ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரியும். “அமேசிங் கிரேஸ்” எழுதியவர். நம் ஊர் ஆங்கில ஆராதனைகளிலும் அடக்க ஆராதனைகளிலும் அந்தப் பாட்டு இல்லாமல் முடிவதில்லை. அவரைப் பற்றிப் பிரசங்கிமார் சொல்லும் கதையும் உங்களுக்குப் பாடம். அடிமைக் கப்பலின் தலைவன், நடுக்கடலில் புயல், முழங்காலில் விழுந்தான், அடிமை வியாபாரத்தை அன்றே உதறினான், கரைக்கு வந்து பாட்டு எழுதினான். கதை மிக நன்றாக இருக்கிறது. நடந்தது அப்படியில்லை.

புயல் உண்மை. அது 1748 மார்ச் மாதம். அப்போது நியூட்டனுக்கு 22 வயது. “கிரேஹவுண்ட்” என்ற கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அது அடிமைக் கப்பலும் இல்லை, அவர் அதன் தலைவரும் இல்லை. தந்தம், தேன்மெழுகு, சாயமரம் என்று சரக்கு ஏற்றி வந்த கப்பல் அது. பக்கப் பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறியது. மெழுகும் மரமும் தண்ணீரைவிட இலேசானவை என்பதால்தான் கப்பல் மூழ்கவில்லை என்று பிற்பாடு நியூட்டனே எழுதினார். இறைப்பானில் நின்று தண்ணீர் இறைத்தார். கை ஓய்ந்தபோது சுக்கான் பிடித்தார். அந்த நேரத்தில் தன் வாயிலிருந்து தன்னையறியாமல் இரக்கம் கேட்கும் ஒரு வார்த்தை வந்ததையும், தனக்கு எங்கே இரக்கம் கிடைக்கப்போகிறது என்று உடனே நினைத்ததையும் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, ஒட்டுப்போட்ட கப்பல் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. சாகும்வரை அந்தப் புயல் நாளை ஆண்டுதோறும் நினைவுநாளாக வைத்திருந்தார்.

அன்று அவர் விட்டது எதை? தூஷணம் பேசுவதை. மாலுமிகளே காதைப் பொத்திக்கொள்ளும் வாய் அவருக்கு. அந்த வாய் மூடியது. வேதம் வாசித்தார், ஜெபித்தார்.

அதே ஆண்டு அவர் அடிமைக் கப்பல் ஒன்றில் துணைத்தலைவராகச் சேர்ந்தார். 1750இல் “டியூக் ஆஃப் ஆர்கைல்” என்ற அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். பிறகு “ஆப்பிரிக்கன்” என்ற கப்பல். 1754 வரை தலைவராக மூன்று பயணங்கள். ஞாயிறு தவறாமல் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே நேரத்தில் கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கு பூட்டிக் கிடந்தார்கள். அவருடைய கப்பல் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. ஒரு மாலுமி இறந்தால் அவன் பெயரை எழுதுகிறார். ஓர் அடிமை இறந்தால் எண்ணை எழுதுகிறார்: ஆண், இன்ன எண், சிறுமி, இன்ன எண், கடலில் அடக்கம். கலகத்துக்குத் திட்டம் போட்டதாகச் சந்தேகித்த சிறுவர்களின் கட்டைவிரலை இரும்புத் திருகில் வைத்து விசாரித்ததையும், அன்றைய காற்றின் திசையை எழுதிய அதே கையால் எழுதி வைத்திருக்கிறார்.

1754இல் ஏன் விட்டார்? மனசாட்சி குத்தியதாலா? இல்லை. அடுத்த பயணம் புறப்படும் தறுவாயில் திடீரென்று வலிப்புப்போல வந்து விழுந்தார். கடலுக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற ஊருக்குப் போனார். அந்த ஆண்டு வெளிவந்த தன் வரலாற்றில், அடிமை வியாபாரம் தனக்குப் பிடிக்காத வேலைதான், சிறைக்காவலன் உத்தியோகம் போன்றது, இதைவிட மனிதத்தன்மையான தொழிலைக் கொடு என்று ஜெபித்ததுண்டு என்கிறார். ஆனால் அது தவறு என்று அப்போது தனக்குத் தோன்றவில்லை என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். புகழ்பெற்ற அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு நாளுக்காக எழுதப்பட்டது. அதில் அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக வாய் திறந்தது 1788இல். புயலுக்கு நாற்பது ஆண்டு கழித்து. அப்போது அவர் லண்டனில் ஆயர், வயது 62. ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். தொடக்கத்திலேயே, தன் அறிக்கை காலம் கடந்து வருகிறது, நடந்த கேட்டை இது மாற்றப்போவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு கண்ணால் கண்டதை அடுக்குகிறார். கீழ்த்தளத்தின் உயரம் சுமார் ஐந்தடி. அதையும் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, புத்தக அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் மனிதர்களை அடுக்குவது. உயிரோடிருப்பவரும் பிணமும் ஒரே விலங்கில் காலையில் காணப்படுவது. நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அந்த நூல் போய்ச் சேர்ந்தது. நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி ஒழித்தது. டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

இந்த மனிதர் மாய்மாலக்காரர் என்று தள்ளிவிட்டால் நம் வேலை சுலபம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1748இல் நடந்தது பொய் என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. சஞ்சலத்தில் இருந்த கவிஞர் கௌப்பரை வருஷக்கணக்காகத் தாங்கியவர், 1785இல் அரசியலை விட்டுவிடலாமா என்று ஒளிந்து மறைந்து வந்து கேட்ட இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸிடம் அரசியலிலேயே இரு என்று சொன்னவர் அவர். புதிய வாழ்வு மெய். அந்த மெய்யான புதிய வாழ்வுக்குள்ளேயே ஆறு வருஷம் மனிதர்களை விற்றதும் மெய். நம்மைச் சங்கடப்படுத்துவது இரண்டும் ஒன்றாக இருந்ததுதான்.

2. யோர்தான் கரையில் கேட்ட கேள்விகள்

லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிறார். கேட்டவர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள். மூன்று கூட்டத்தார் வருகிறார்கள். பொதுஜனங்களிடம், இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். ஆயக்காரரிடம், விதிக்கப்பட்டதற்கு மேல் வசூலிக்காதே என்கிறார். படைவீரரிடம், மிரட்டிப் பறிக்காதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்கிறார்.

கவனியுங்கள், பதில் தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. ஆயக்காரன் குடிக்கிறானா, படைவீரன் ஓய்வுநாளைக் கைக்கொள்கிறானா என்று யோவான் கேட்கவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்து பிழைக்கிறாயோ அந்த இடத்தில் உன் பாவம் என்ன என்று பார்க்கிறார். ஆயக்காரருக்கு இது புதுச் செய்தியாகவே இருந்திருக்கும். மேல்வசூல் அந்தத் தொழிலின் குற்றமாகக் கருதப்படவில்லை. அதுதான் அந்தத் தொழில்.

1750இன் லிவர்பூலில் யோவான் இல்லை. கப்பல் முதலாளிகள் ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காணிக்கைத் தட்டில் விழுந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிரசங்கம் எந்தப் பீடத்திலிருந்தும் நியூட்டன் காதில் விழவில்லை. தூஷணம் பாவம் என்று தாய் சொல்லியிருந்தாள், ஆலயம் சொல்லியிருந்தது, உடனே விட்டார். அடிமை வியாபாரம் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத பாவத்துக்கு எப்படி மனந்திரும்புவது?

தாவீதுக்கும் இதே கதி. பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் கொல்லக் கொடுத்த பிறகும், பிள்ளை பிறக்கும்வரை அரண்மனை வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. அரசர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது அக்காலத்து உலகநியாயம். தீர்க்கதரிசி நாத்தான் வந்தார். நேரே குற்றம் சாட்டினால் கண்ணில் படாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிச் சமைத்த கதையைச் சொல்லி, அடுத்தவன் பாவத்தைப் பார்த்துத் தாவீதுக்குக் கோபம் வந்த பிறகுதான், அந்த மனிதன் நீ என்று திருப்பினார். மனந்திரும்புதலின் மகா ஜெபம் என்று நாம் லெந்து நாட்களில் முழங்காலில் ஓதும் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள்; நாத்தான் வந்தபோது பாடியது என்றுதான் இருக்கிறது. தாவீது தனியே அறைக்குள் யோசித்துக் கண்டுபிடித்த பாவம் அன்று அது.

3. விற்பனைச் சீட்டும் நாலத்தனையும்

நியூட்டன் கடலில் இருந்த அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஜான் வுல்மன் இருந்தார். 1720இல் பிறந்தவர். இளைஞனாக ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் முதலாளி, தன்னிடமிருந்த நீக்ரோப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டேன், விற்பனைச் சீட்டு எழுது என்றார். வாங்குபவர் வாசலில் காத்திருக்கிறார்; அவரும் வயதான குவேக்கர், நல்ல மனிதர். வேலைக்கு இருப்பவன் மறுப்பது எப்படி? எழுதினார். எழுதிக்கொடுத்துவிட்டு, அடிமை வைப்பது கிறிஸ்து மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன் என்று இருவர் முன்னும் சொல்லிவிட்டார். மனம் ஆறவில்லை. எழுதாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் தொடர்ந்தது. அடுத்தமுறை வேறொருவர் அப்படி ஒரு சீட்டு எழுதச் சொன்னபோது மறுத்தார். உயில் எழுதிக்கொடுப்பது அவருக்கு வருமானம் தந்த வேலை. அடிமையைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் வரி வந்தால் பேனாவைக் கீழே வைத்தார்.

வுல்மனின் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தெற்குக் குடியேற்றங்களில் ஊர் ஊராகப் போனபோது அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் தங்க நேர்ந்தது. விருந்தாளிக்குச் செலவில்லை, உழைப்பு அடிமையுடையது. அவர் புறப்படும்போது தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலியை எடுத்துவைத்தார். சில வேளை அவர்கள் கையிலேயே கொடுத்தார். எவ்வளவு சங்கடமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள்! சாப்பாடு போட்ட வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? வாதம் செய்யவில்லை, வசைபாடவில்லை. காசை வைத்துவிட்டுப் போனார். குவேக்கர் வீடுகளுக்கு அவர்தான் நாத்தான். 1758இல் பிலடெல்பியாவின் ஆண்டுக்கூட்டம், அடிமை வைத்திருக்கும் உறுப்பினர் வீடுகளுக்கு ஆள் அனுப்பிப் பேசுவது என்று முடிவெடுத்தது. அனுப்பப்பட்டவர்களில் வுல்மனும் ஒருவர். 1776இல் அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்திருந்தார். டெலவேரில் வார்னர் மிஃப்லின் என்ற குவேக்கர் தன் அடிமைகளை விடுவித்ததோடு நிற்கவில்லை. அவர்கள் தனக்குச் செய்த வேலைக்குக் கூலி கணக்குப் பார்த்துக் கொடுக்க முற்பட்டார்.

இந்தக் கணக்குப் பார்ப்பது வேதத்தில் இருப்பதுதான். இயேசுவை வீட்டில் ஏற்ற ஆயக்காரர் தலைவன் சகேயு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். நாலு என்ற எண் எங்கிருந்து வந்தது? நியாயப்பிரமாணத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. அபகரித்தவன் தானாகவே குற்றத்தை உணர்ந்து வந்தால் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். லேவியராகமம் ஆறாம் அதிகாரம். ஆட்டைத் திருடி, அதைக் கொன்றோ விற்றோ பிடிபட்டவன் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும். யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். நாத்தானின் கதையைக் கேட்ட தாவீதும் ஆத்திரத்தில் இந்த நாலத்தனைத் தீர்ப்பைத்தான் சொன்னான். சகேயு யாரிடமும் பிடிபடவில்லை. தானாக முன்வந்தவர். சட்டப்படி அவருக்குச் சலுகைக் கணக்கு உண்டு. அதை விட்டுவிட்டு, பிடிபட்ட திருடனின் கணக்கைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். ஆயத்துறைத் தலைவனாக அவர் சேர்த்த சொத்து சட்டம் அனுமதித்த சொத்து. இதுவரை தன்னைத் திருடன் என்று அவர் நினைத்திருக்கவே வாய்ப்பில்லை. இயேசு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு நினைக்கிறார்.

வரிசை முக்கியம். முதலில் இயேசு பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார், வீட்டுக்கு வருகிறார். கணக்கு அதற்குப் பிறகு. இதெல்லாம் கிரியையினால் வரும் இரட்சிப்பு ஆகிவிடாதா என்று கேட்கும் மாணவர்களுக்கு என் பதில் அந்த வரிசையிலேயே இருக்கிறது.

4. சபை போட்ட கணக்குகள்

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கிறேன், பாடத்திட்டத்தில் இருப்பதுதான். ஆதிச்சபையில் ஞானஸ்நானத்துக்குப் பின் செய்த பெரும்பாவத்துக்கு ஒரே ஒருமுறைதான் பகிரங்க மனந்திரும்புதல். தண்டம் அனுபவிப்போர் என்ற தனி வரிசை. சபையார் எல்லார் கண்முன்னும். கி.பி. 390இல் தெசலோனிக்கேயில் மக்களைக் கொன்று குவிக்க வைத்த பேரரசர் தியோடோசியஸுக்கு மிலான் பேராயர் அம்புரோஸ் அதே முறையைத்தான் விதித்தார். பேரரசர் அரச உடையைக் களைந்து நின்றார். பிறகு அயர்லாந்துத் துறவிகள், எத்தனை முறையும் செய்யலாம், ரகசியமாகச் செய்யலாம் என்ற தனிப் பாவசங்கீர்த்தனத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். பாவத்துக்கு இன்ன தண்டம் என்று அட்டவணைப் புத்தகங்கள் எழுதினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது என்று சட்டமாக்கியது. அட்டவணை இருந்தால் கழிவும் வரும். கழிவு வந்தால் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையும் வரும். அந்த விற்பனையை எதிர்த்து 1517இல் எழுந்த லூத்தரின் 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான்.

அந்த முதல் கருத்துரையை நாம் லூத்தரிடமிருந்து எடுத்துக்கொள்ளவே இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆண்டுக்கு ஒருமுறை என்பதை ஆயுளுக்கு ஒருமுறை என்று சுருக்கியதுதான் நம் எழுப்புதல் கூட்ட மரபு செய்தது.

5. இரண்டு பிறப்புகள்

இனி நம் ஊர். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்தபோது கொண்டுவந்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கம். தனிமனிதன் பாவ உணர்வால் கலங்கிப் போராடி மறுபிறப்பு அடைவது அதன் உயிர்நாடி. அந்த மிஷன் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிப்படி தனித்தனி இடம் போட்டு உட்கார்ந்தார்கள். மறுபிறப்பும் சாதியும் ஒன்றாக இருக்கலாமா என்ற கேள்வி அப்போதிருந்தே நம்மோடு வருகிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். அதற்குச் சில ஆண்டு முன்பே, பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார், சாதியாசாரத்தைக் கைவிடச் சொல்லிப் புதிய மிஷனரிகள் நெருக்கியதை எதிர்த்து எழுதியிருந்தார். அவருடைய பக்தியை யார் சந்தேகிப்பார்கள்? தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் இன்றும் அவர் பாட்டு இருக்கிறது. நியூட்டனை நினைத்துக்கொள்ளுங்கள்.

1860இல் திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் உண்டானது. கிறிஸ்தியான்பேட்டையை நிறுவிய அருளப்பன் அதன் நடுநாயகம். அதற்கு முந்தின ஆண்டு அயர்லாந்தின் அல்ஸ்டரில் நடந்த எழுப்புதலின் செய்தி இங்கே எட்டியிருந்தது. அழுகை, பாவ அறிக்கை, தரிசனங்கள், ஊர் ஊராகச் சாட்சி. மிஷனரி கையை எதிர்பார்க்காமல் தமிழர் நடத்திய எழுப்புதல் என்பதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கட்டும். அந்த எழுப்புதலுக்கும் அதன்பின் வந்த அத்தனை எழுப்புதல்களுக்கும் பிறகும் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் பல ஊர்களில் நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரத்தைப் புரட்டிப் பாருங்கள். மறுபடியும் பிறந்த பெண் தேவை என்று இருக்கும். பக்கத்திலேயே சாதிப் பெயரும் உட்பிரிவும் இருக்கும். இரண்டு பிறப்பும் ஒரே வரியில் சமாதானமாக உட்கார்ந்திருக்கின்றன.

அந்த விளம்பரத்தை எழுதிக்கொடுத்த தகப்பனார் மாய்மாலக்காரர் இல்லை. உபவாச ஜெபத்துக்குத் தவறாதவராகவே இருப்பார். அவர் இன்னும் 1750இல் இருக்கிறார், அவ்வளவுதான். அவரை 1788க்குக் கூட்டிப்போகும் பொறுப்பு யாருடையது? பிரசங்க பீடத்துக்குப் போகப்போகும் மாணவர்கள் இந்த அவையில் இருப்பதால் கேட்கிறேன்.

6. யாரிடம் முதலில்?

கடைசியாக ஒன்று. 1990 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் நகரில் சபைகளின் மாநாடு கூடியது. டச்சு சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லன்பாஷ் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, நிறவெறிக் கொள்கையில் தன் பங்குக்கும் தன் சபையின் பங்குக்கும் பாவ அறிக்கை செய்தார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு எழுந்து, ஏற்றுக்கொள்கிறோம் என்றார். பலர் கண்ணீர் விட்டார்கள். கறுப்பினப் பிரதிநிதிகள் சிலருக்கு வருத்தம். எங்கள் எல்லாருக்கும் பதிலாக, இவ்வளவு சீக்கிரம், இவர் எப்படி மன்னிக்கலாம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவமரியாதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையைக் கேட்க உரிமையுள்ளவர் அநியாயம் அனுபவித்தவர்.

நியூட்டனுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவர் மேற்கிந்தியத் தீவுகளில் விற்ற மனிதர்களை 1788இல் எங்கே போய்த் தேடுவார்? நாட்குறிப்பில் எண்தானே இருக்கிறது, பெயர் இல்லையே. அவரிடம் மிஞ்சியிருந்தது கண்ணால் கண்ட சாட்சி ஒன்றுதான், அதைக் கொடுத்தார். நம் பட்டியலில் இருக்கும் நகைக்கும் வட்டிக்கும் வேலைக்கு வாங்கிய பணத்துக்கும் அந்தச் சிரமம் இல்லை. கொடுத்தவர் பெயரும் தெரியும், தெருவும் தெரியும்.

அவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் அதையும் யோசித்திருக்கிறது. முதலும் ஐந்தில் ஒரு பங்கும் அநியாயம் அனுபவித்தவருக்கு. வாங்கிக்கொள்ள அவர் இல்லையென்றால் அவருடைய இனத்தாருக்கு. இனத்தாரும் இல்லையென்றால்தான் கர்த்தருக்கென்று ஆசாரியனுக்கு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுவும் இதே வரிசையைத்தான் வைக்கிறார்: பலிபீடத்தருகே காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. இன்று ஒருவர் மனம் குத்தப்பட்டால் நேரே ஆலயத்துக்கு ஒரு மின்விசிறியோ மணிக்கூண்டோ கொடுக்கிறார், பெயரும் பொறிக்கிறோம். மூன்றாம் இடத்தில் இருந்த காணிக்கைப் பெட்டி நம் சேகரங்களில் எந்தக் காலத்தில், யார் கைபட்டு முதலிடத்துக்கு வந்தது என்று இதுவரை ஒருவரும் முறையாக ஆராய்ந்ததாக நான் பார்க்கவில்லை. பழைய சபைக் கணக்குப் புத்தகங்கள் கறையான் அரித்தது போக இன்னும் எத்தனையோ பீரோக்களில் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து என்னைப் பாருங்கள்.